சித்திரைக் கெண்டை

ஈரத்துணியைப் போர்த்தி அமுக்கியதும் மீன் ஒரே துள்ளாகத் துள்ளியது. வால் சென்னிமலையின் கன்னத்தில் அறைந்தது. மூக்குக்கண்ணாடி தொட்டிக்குள் விழுந்தது.

“புடிங்க. உட்றாதீங்க” என்றாள் ராமாமணி.

“கண்ணாடியப் புடிக்கறதா, மீனப் புடிக்கறதா?”

“கண்ணாடி நீந்திப் போயிறாது. மீனப் புடிங்க.”

அவர் குனிந்து வால்பக்கத்தை இரண்டு கைகளாலும் பற்றினார். அவள் தொட்டி விளிம்பில் மண்டியிட்டு மீனின் வயிற்றை மேலே திருப்பிக் கட்டைவிரலைக் கீழ்நோக்கி ஓட்டினாள். ஒன்றும் வரவில்லை. இன்னொருமுறை ஓட்டினாள். வயிறு இறுகிக் கிடந்தது.

“சினை இன்னும் காய். பழுக்கறதுக்கு இன்னும் ஒரு மாசம் கெடக்குது.”

மீனைப் பற்றிப் படிக்க வந்திருந்த மானசா அளவுப் பலகையை நீட்டிக்கொண்டு நின்றாள். மீனைப் பலகையில் படுக்கவைக்க முடியவில்லை. ஒருவழியாகப் படுத்தது. எண்ணைப் பார்ப்பதற்குள் வளைந்து தொட்டிக்குள் பாய்ந்துவிட்டது. எல்லார்மீதும் தண்ணீர் தெறித்தது.

தொட்டிக்கு மறுபக்கம் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்த ரங்கராஜ் சிரித்தான். அணையில் பரிசல் ஓட்டி மீன் பிடிக்கிறவன். இந்த மீனைக் கொண்டுவந்தவனும் அவன்தான்.

“ஏனுங்க்கா, உங்க மீனெல்லாம் ஊசி போடறதுன்னா தானா வந்து படுக்குமே. இது என்னங்க இப்பிடி?”

“உன்ற மீனு. உன்னையாட்டமே இருக்குது.”

“எம்பட மீனு எங்கீங்க? மாயாத்து மீனு. நான் வண்டி வெச்சுக் கூட்டியாந்தேன், அவ்வளவுதான்.”

சென்னிமலை தொட்டிக்குள் கைவிட்டுத் துழாவினார். “இவளும் கண்ணாலமாகி வந்த புதுசுல இப்பிடித்தான் அடிச்சா. அப்பறம் பழகிட்டா.”

“பழகினது யாருன்னு ஊருக்கே தெரியும்” என்றாள் ராமாமணி.

கண்ணாடி கிடைத்தது. ஒரு காது உடைந்திருந்தது.

அது ஆனி மாதம். ராமாமணியின் மீன்கள் சித்திரைக் கடைசியிலேயே முட்டையிட்டு முடித்துவிட்டன. குஞ்சுகள் விரல் நீளத்தைத் தொடப்போகின்றன. ஆற்றில் பிடித்த மீன் இன்னும் காயாக இருக்கிறது. இரண்டும் வெண்கெண்டைதான். ஒரே வெள்ளி உடம்பு, செதிலில் ஒரே லேசான சிவப்பு. அவள் கையைக் கழுவிவிட்டுத் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மானசா பலகையைத் துடைத்தாள்.

*

ராமாமணி அந்தியூர்ப் பக்கத்தில் பிறந்தவள். அப்பாவுக்கு மானாவாரிக் காடு. கம்பு, சோளம். கதிர் முற்றுகிற சமயத்தில் அவர் காட்டுக்குள் தனியாகப் போவார். முதலில் முற்றிய கதிராகப் பார்த்து, மணி நிறைந்ததாகப் பார்த்து, தாளில் நூல் கட்டிவிட்டு வருவார். நூல் கட்டிய கதிரை அறுப்புக்காரர்கள் தொடமாட்டார்கள். அடுத்த வருடத்து விதை அது. பிந்தி முற்றியதெல்லாம் சாப்பாட்டுக்கு. யாரும் இதை யாருக்கும் கற்றுக்கொடுத்ததில்லை. அந்தப் பக்கத்தில் எல்லார் கையும் அப்படித்தான் போகும்.

கல்யாணமாகி வந்த இடம் பவானிசாகர் அணைக்குக் கீழே. சென்னிமலைக்கு ஐந்து ஏக்கர். வாய்க்காலை ஒட்டிய பூமி. வாய்க்காலில் தண்ணீர் விட்டால் பூமிக்குள் கசிவு இறங்கும். வைத்த மஞ்சள் மூன்று வருடம் தொடர்ந்து அழுகியது. காலை வைத்தால் கணுக்கால்வரை உள்ளே போகும். பயிர் ஆகாத இடத்தில் குட்டை வெட்டச் சொல்லி மீன்துறையில் ஒருவர் யோசனை சொன்னார். மஞ்சக்காட்டில் மீன் விதைக்கிறான் என்று பங்காளிகள் சிரித்தார்கள். சென்னிமலையும் சேர்ந்து சிரித்துவிட்டுக் குட்டை வெட்டினார்.

முதலில் கட்லாவும் ரோகுவும் வாங்கி வளர்த்தார்கள். பிறகு குஞ்சு பொரிக்கக் கற்றுக்கொண்டார்கள். சினை முற்றிய பெண்மீனுக்கும் ஆண்மீனுக்கும் ஊசி போட்டு, வட்டத் தொட்டியில் தண்ணீரைச் சுழலவிட்டால், மீன் அதை வெள்ளம் என்று எடுத்துக்கொண்டு முட்டையிடும். சென்னிமலை ஊசி போட்டால் பாதி மருந்து வெளியே போகும். ராமாமணி போட்டால் சரியாக இறங்கியது. அன்றிலிருந்து அது அவள் வேலை.

பெரிய வறட்சி வந்த வருடம் அணை சுருங்கிக் குட்டையாகிவிட்டது. மீன் இறக்கும் இடத்தில் ஒரு குவியலில் வெண்கெண்டைகள் கிடந்தன. சிலவற்றின் செவுள் இன்னும் அசைந்துகொண்டிருந்தது. இனி இந்த மீனைப் பார்க்க முடியாது என்று வலைக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். கொஞ்ச வருடமாகவே வலையில் கட்லாதான் விழுகிறது, இது விழுவதில்லை. கறிக்கு மீன் வாங்கப் போனவள் உயிரோடு இருந்ததையெல்லாம் இரண்டு குடத்தில் போட்டு எடுத்துவந்தாள். பாதி வழியில் செத்தன. மிஞ்சியவை பதினைந்துக்குள் இருக்கும்.

அடுத்த வருடம் ஆடியில் ஒன்று முட்டையிட்டது. அதன் குஞ்சுகள் வளர்ந்ததும், அவற்றில் எது முதலில் சினை முற்றுகிறதோ அதை எடுத்து வால்துடுப்பின் ஓரத்தைச் சிறிதாகக் கத்தரித்து விடுவாள். கத்தரித்த மீன் தாய்மீன். விற்கக் கூடாது. பிந்தியவை சத்தியமங்கலம் சந்தைக்குப் போயின. கையில் அடிக்கும் மீனையும் அவள் வைத்துக்கொள்வதில்லை. அடித்துக்கொண்டால் செதில் போகும், ஊசி கோணலாக இறங்கும்.

ஆடியில் முட்டையிட்ட மீன் சில வருடத்தில் ஆனியில் இட்டது. பிறகு வைகாசி. பிறகு சித்திரை. அவள் அதைக் கவனிக்காமல் இல்லை. கவனித்துச் சந்தோஷப்பட்டாள். பண்ணைக்குட்டை வைத்திருப்பவர்கள் சீக்கிரம் குஞ்சு கேட்பார்கள். கொடுமுடியிலிருந்தும் தாராபுரத்திலிருந்தும் வந்து வாங்கிப் போனார்கள். வெண்கெண்டை பார்க்க வேண்டுமென்றால் கெண்டைக்காரம்மா பண்ணைக்குப் போ என்று ஆனது. மகன் நிதீஷ் கோயமுத்தூரில் வேலைக்குச் சேர்ந்தபோது மேலதிகாரி அவன் ஊர்ப் பெயரைக் கேட்டதும் அந்த அம்மாவைத் தெரியுமா என்று கேட்டாராம்.

இருபது வருடம் இப்படிப் போயிற்று.

*

வெங்கடபதி வந்தது இரண்டு வருடத்துக்கு முன்பு. பீளமேட்டில் நூல் மில் வைத்திருக்கிறவர். இப்போது மகன்கள் பார்த்துக்கொள்கிறார்கள். அவர் நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு ஆற்று வேலை பார்க்கிறார். ஒரு ஆடிப் பதினெட்டு அன்று மாயாறு அணைக்குள் வந்து சேரும் இடத்தில் வெண்கெண்டைக் குஞ்சுகளைத் திரும்ப விட வேண்டும் என்பது அவர் திட்டம்.

ராமாமணி அதுவரை யாரிடமும் எதையும் கேட்டதில்லை. இதையும் கேட்கவில்லை. ஆனால் அவர் சொன்னபோது காப்பி கொண்டுவருகிற சாக்கில் உள்ளே போய்விட்டாள். குடத்தில் தூக்கிவந்த நாளிலிருந்து அந்த நினைப்பு எங்கோ இருந்திருக்கிறது. இது நடந்துவிட்டால் போதும் என்று அன்றைக்குத் தோன்றியது.

அனுமதியெல்லாம் வாங்க இரண்டு வருடம் ஆகிவிட்டது. விடுவதற்கு முன்னால் படித்தவர் ஒருவர் மீனைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றார்கள். அப்படித்தான் மானசா வந்தாள். அவளுக்கும் ஊர் பீளமேடு, மோட்டார் பம்பு செய்கிற குடும்பம். மீனைப் பற்றிப் படிக்கிறாள். போனில் அவள் அப்பாவோடு தெலுங்கில் சண்டை போடுவதைக் குட்டைக்கரையில் எல்லாரும் கேட்டிருக்கிறார்கள்.

வந்த வேகத்தில் அவள் ரங்கராஜிடம் மாயாற்றுப் பக்கம் வலை போட்டுப் பார்க்கச் சொன்னாள். ஒன்றும் இருக்காது என்று எல்லாரும் சொன்னார்கள். பங்குனியில் ஒன்று விழுந்தது. வைகாசியில் இரண்டு. ஆனி முடிவதற்குள் ஏழு மீன்கள் ராமாமணியின் சிமெண்டுத் தொட்டியில் சேர்ந்திருந்தன. அடியோடு போய்விட்டது என்று நினைத்த மீன் போகவில்லை.

ராமாமணிக்கு முதலில் மகிழ்ச்சியாக இருந்தது. நம் மீனுக்குத் துணை இருக்கிறது என்றாள்.

*

ஆனி கடைசியில் ஒரு நாள் வட்டத் தொட்டியில் இரண்டு வகையையும் ஒன்றாக விட்டுப் பார்க்கலாம் என்று மானசா கேட்டாள். எதற்கு என்று ராமாமணி கேட்கவில்லை. விட்டார்கள். சென்னிமலை வால்வைத் திறந்தார். தண்ணீர் சுழல ஆரம்பித்தது.

ஆற்று மீன்கள் கொஞ்ச நேரம் சிதறி ஓடின. பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பித் தண்ணீருக்கு எதிர்முகமாக நின்றன. துடுப்பு மட்டும் அசைந்தது. தண்ணீர் எவ்வளவு வந்தாலும் நின்ற இடத்தில் நின்றன. பண்ணை மீன்கள் தண்ணீரோடு சுற்றின. ராமாமணி நின்ற பக்கம் வரும்போது அவள் நிழலுக்குக் கீழே ஒதுங்கி, வாயை மேலே தூக்கின. அவள் இரண்டடி தள்ளி நின்றாள். அங்கே வந்தன. மறுபக்கம் போனாள். அங்கேயும் வந்தன.

“பாசக்காரக் கழுதைங்க” என்றார் சென்னிமலை.

ராமாமணி சிரிக்கவில்லை. “தண்ணிய நிறுத்துங்க.”

நிறுத்தினார். ஆற்று மீன்கள் தொட்டியின் அடியில் போய் மறைந்துகொண்டன. அவளுடைய மீன்கள் மேலேயே இருந்தன.

சாப்பாட்டு நேரத்தில் பம்ப்செட் ரூமில் மூவரும் உட்கார்ந்தார்கள். மானசா தயிர்சாத டப்பாவைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடாமல் இருந்தாள்.

“சொல்லு கண்ணு” என்றாள் ராமாமணி. “ரண்டு வாரமா எதையோ வாய்க்குள்ள வெச்சுக்கிட்டே சுத்தறே.”

“எனக்கு முழுசாத் தெரியாதுங்க்கா. பத்து வருசம் பாத்தாத்தான் தெரியும்.”

“ஆடிப் பதினெட்டு பத்து வருசம் நிக்காது. தெரிஞ்சதச் சொல்லு.”

மானசா சொன்னாள். கடல் தாண்டிக் குளிர்நாட்டில் சால்மன் என்று ஒரு மீன். ஆற்றில் பிறந்து கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டையிட அதே ஆற்றுக்குத் திரும்பும். ஆற்றில் குறைந்துவிட்டது என்று நூறு வருடத்துக்கு மேலாகப் பண்ணையில் பொரித்து விடுகிறார்கள். பண்ணைக்காரர்கள் முதலில் வந்து சேர்ந்த மீனாகப் பார்த்து முட்டை எடுத்துக்கொண்டார்கள். வேலை சீக்கிரம் முடியும் அல்லவா. பல தலைமுறை போன பிறகு பண்ணை மீன்கள் ஆற்று மீனுக்கு வாரக்கணக்கில் முந்திப் போயின. சில இடத்தில் முட்டையும் சிறுத்தது. பண்ணை மீன் ஆற்றிலே போய்க் கலந்ததும் ஆற்று மீனின் குணமும் மாறியது.

சென்னிமலை சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். “அங்கயும் கம்பு வெதைக்கற சனம்தான் பண்ணை வெச்சிருக்குமாட்ட இருக்குது.”

மானசாவுக்கு அது புரியவில்லை. ராமாமணிக்குப் புரிந்தது. தட்டிலிருந்த சோற்றை ஒரு ஓரமாக ஒதுக்கினாள்.

“நம்ம மீனு சித்திரையில முத்துது” என்றாள். “சித்திரையில மாயாத்துல தண்ணி ஏது?”

“இல்லீங்க்கா.”

“இங்க நான் ஊசி போட்டு, மோட்டாரப் போட்டுத் தண்ணியச் சுத்த உடறேன். மாயாத்துல யாரு ஊசி போடுவா?”

மானசா டப்பாவை மூடினாள்.

“வெள்ளம் வரலீன்னா முட்டைய உடம்பே கரைச்சுப்போடும். ஆடியில வெள்ளம் வரும்போது வகுறு காலியா நிக்கும்.” தட்டைத் தள்ளிவைத்தாள். “நம்முளுதும் ஆத்துளுதும் சேந்து பொறந்தா, அது எப்ப முத்தும்?”

“ரண்டுக்கும் நடுவுல எங்காச்சும். நிச்சயமா சொல்ல முடியாதுங்க்கா. அங்க எத்தன மீனு மிச்சம் இருக்குதுன்னும் தெரியல. பத்தாயிரம் குஞ்சு உட்டம்னா…”

“அதுல ஆத்து மீனு கரைஞ்சு போயிரும்.”

“ஆமாங்க.”

வெளியே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. சென்னிமலை எழுந்து போய்க் கை கழுவினார்.

*

சாயங்காலம் கணவன் மனைவிக்குள் சண்டை வந்தது. சென்னிமலை சத்தமாகப் பேசுகிறவரில்லை. தீவன மூட்டையைப் பிரிக்கிறபோது நூலை வெடுக்கென்று இழுத்தார்.

“அந்தப் பொண்ணே தெரியாதுன்னு சொல்லுது. குஞ்ச ஆத்துல உட்டுப்போடலாம்.”

“எனக்குத் தெரியுதுங்களே.”

“என்ன தெரியுது உனக்கு?”

“தொட்டியில பாத்தீங்கல்ல.”

“பாத்தேன். மனுசனக் கண்டா வருது. அது தப்பா? ஆத்துக்குப் போனா நாலு நாள்ல ஆத்துப் புத்தி வந்துரும்.”

“புத்தியில இருந்தா வரும். ரத்தத்துல இருந்தா எப்பிடி வரும்?”

அவர் மூட்டையை இன்னொரு மூட்டைமேல் தூக்கிப் போட்டார். “நத்தக்காடையூர்ல இருந்து ஒறம்பரை, சொந்தமெல்லாம் வாரேன்னு சொல்லிப்போட்டாங்க. மாப்பளையாட்ட வேட்டி எடுத்து வெச்சிருக்கறேன். இருவது வருசம் இந்தச் சேத்துல நின்னு, ஒரு நாளு நாலு பேரு கைதட்டறதப் பாத்துப்போட்டுப் போலாம்னா, அதுக்கும் ஒரு கோளாறு.”

அவர் சொன்னது ராமாமணிக்கும் வேண்டியிருந்தது. அவருக்கு வேட்டி, அவளுக்கு அந்த இடம். மாயாறு வந்து சேரும் இடத்தில் கரையில் நின்று, பையின் வாயை அவிழ்த்து, மெதுவாகச் சாய்க்கிற மாதிரி அவள் பல முறை நினைத்துப் பார்த்திருக்கிறாள். எந்தக் கையால் பையைப் பிடிப்பது என்பதுவரை.

“பொறுக்கி எடுத்தது நானுங்க” என்றாள் கடைசியில். “முந்தி வந்ததயே பொறுக்கினேன். அடிக்காததயே பொறுக்கினேன்.”

“நல்லதத்தான பொறுக்கினே?”

“எனக்கு நல்லது.”

அவர் தீவனத்தை இரண்டு வாளியில் அள்ளி ஒன்றை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

*

வெங்கடபதி ஆடி முதல் வாரத்தில் பத்திரிகையோடு வந்தார். பழம், வெற்றிலைபாக்கு எல்லாம் வைத்துத் தட்டை இரண்டு கையாலும் நீட்டினார். ராமாமணி முந்தானையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கினாள்.

“உங்க பேரத்தானுங்க மொதல்ல போட்டிருக்கறம். கலெக்டர் பேரு ரண்டாவதுதான்.”

“அவரு கோவிச்சுக்க மாட்டாருங்களா?”

“கோவிச்சா கோவிச்சுக்கட்டுங்க. கலெக்டரு வருசத்துக்கு ஒருத்தர் வருவாரு. நீங்க ஒருத்தர்தான.”

காப்பி குடித்தார்கள். மழையைப் பேசினார்கள். நீலகிரியில் நல்ல மழை, இரண்டொரு நாளில் ஆற்றில் புதுத்தண்ணீர் வரும் என்றார். மில்லில் பஞ்சுக்குத் தட்டுப்பாடு. முழங்கால் வலிக்கு ஆனைமலையில் ஒருவர் எண்ணெய் தருகிறார், கேட்கிறது. மேலும் கொஞ்ச நேரம் இப்படிப் போனது. சென்னிமலை தட்டில் இருந்த ஆப்பிளைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கத்தில் ஒருவர் நல்ல காரியம் சொல்லிக்கொண்டு வந்தால் முகத்துக்கு நேராக இல்லை என்று சொல்கிற வழக்கமில்லை. ராமாமணி எழுந்தாள்.

“மீனப் பாத்துப்போட்டுப் போலாமுங்க, வாங்க.”

தாய்மீன் குட்டைக் கரையில் அவர் போய் நின்றார். நிழல் தண்ணீரில் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் முதுகுகள் தெரிந்தன. வாய்கள் மேலே வந்தன.

“தீவனமே போடாம வருதுங்களே.” அவர் முகம் மலர்ந்துவிட்டது. “வளத்த கை தெரியுது பாருங்க.”

“ஆளு நெழலு விழுந்தா வருமுங்க சார்.”

“அதத்தான் சொல்றேன்.”

“மாயாத்துல நெழலு விழுந்துதுன்னா அது நீர்நாயுங்க. இல்லீன்னா நீர்க்காக்கா.”

அவர் திரும்பிப் பார்த்தார். “கொஞ்சம் போகுமுங்க. போகட்டும். மிச்சம் பொழைச்சுக்கும். பத்தாயிரம் உடறமல்ல.”

“செத்துதுன்னா எனக்கு வருத்தமில்லீங்க. பொழைச்சுதுன்னாத்தான் பயமா இருக்குது.”

“புரியலீங்களே அம்மிணி.”

அவள் சொன்னாள். ஆற்றில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருப்பதை, அது ஆடி வெள்ளத்துக்கு முற்றுவதை, தன்னுடையது சித்திரையில் முற்றுவதை. இரண்டும் சேர்ந்தால் இரண்டுக்கும் ஆகாமல் போகிறதை. எங்கேயும் குரலை உயர்த்தவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு ‘ங்க’ போட்டாள். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குட்டையைப் பார்த்தபடி கேட்டார்.

“முன்னாலயே சொல்லியிருக்கலாமுங்களே.”

“முன்னால எனக்கே தெரியாதுங்க.”

“அப்ப இத்தன வருசமா நீங்க வளத்தது?”

“குட்டைக்கு இது நல்ல மீனுங்க சார். சீக்கிரம் முத்தும், கையில நிக்கும். ஆத்துக்கு ஆகாது.”

ஒரு மீன் அவர் செருப்பு நுனிவரை வந்து போனது.

“வேற பண்ணையில கட்லாக் குஞ்சு வாங்கிக்கட்டுங்களா?” என்றார். “பத்திரிக வெச்சாச்சு. சனம் வந்துரும்.”

“அணைக்குள்ள உடறதுன்னா உடுங்க. அங்க அது ஏற்கனவே நெறஞ்சு கெடக்குது. மாயாத்து மொகத்துல மட்டும் வேண்டாமுங்க.”

“செரிங்க.” வண்டியில் ஏறும்போது கண்ணாடியை இறக்கினார். “எப்பிடி இருந்தாலும் நீங்க வரோணும்.”

“வாரேனுங்க” என்றாள் ராமாமணி.

வரமாட்டாள் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

*

ஆடிப் பதினெட்டு அன்று அணைப் பூங்காவில் கூட்டம். மைக் சத்தம் காற்றில் வந்து வந்து போனது. சென்னிமலை புது வேட்டி கட்டிக்கொண்டு போயிருந்தார். வந்த உறவினர்களோடு யாராவது இருக்க வேண்டும் என்று சொன்னார்.

முந்தின நாள் மாயாற்றில் புதுத்தண்ணீர் வந்துவிட்டது. ராமாமணி சிமெண்டுத் தொட்டியில் இறங்கி ஆற்று மீன்களைப் பார்த்தாள். மானசா கூட இருந்தாள். அவள் ஒரு யோசனை சொல்லியிருந்தாள். இந்த ஏழிலிருந்தும் முட்டையும் ஆண்மீனின் விந்துப்பாலும் எடுத்து, முந்தியது பிந்தியது பார்க்காமல் எல்லாவற்றையும் கலந்து பொரித்து, வளரவிடாமல் உடனே ஆற்றில் விட்டுவிடலாம். ஒரு தலைமுறை மட்டும். கெடுதல் குறைவு.

ராமாமணி சரி என்று சொல்லியிருந்தாள்.

கடைசியாகப் பார்த்த மீனின் வயிறு மெத்தென்று இருந்தது. விரலை ஓட்டியதும் இரண்டு மூன்று முட்டை அவள் கட்டைவிரலில் ஒட்டியது. அவள் அதை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். அவளுடைய மீன்களின் முட்டையைவிடப் பெரிது. இத்தனை பெரிய முட்டையைக் கடைசியாகப் பார்த்தது அந்த முதல் வருடத்தில்.

“பழுத்துருச்சுங்களா?” என்றாள் மானசா. “ஊசி போட்டா இன்னைக்கே வாங்கிரலாம்.”

“வாங்கிரலாம். மத்ததெல்லாம் இன்னும் காய். இதுதான் மொதல்ல பழுத்திருக்குது.” மீனை ஒரு கையால் அணைத்துக்கொண்டு மறுகையைப் பின்னால் நீட்டினாள். “கத்தரியக் குடு கண்ணு.”

“எதுக்குங்க்கா?”

ராமாமணி மீனின் வால்துடுப்பைப் பார்த்தாள்; நீட்டிய கை அப்படியே நின்றது. பிறகு கையை மடக்கித் தண்ணீருக்குள் விட்டாள்.

மைக்கில் யாரோ யாருக்கோ பொன்னாடை போர்த்துவதாகச் சொன்னார்கள்.

“ரங்கராஜுக்குப் போன் போடு” என்றாள் ராமாமணி. “பரிசலக் கொண்டாரச் சொல்லு.”

“ஏனுங்க்கா, சீட்டுப் போட்டு எடுக்கலாமுங்க. நீங்க கண்ணால பாக்கவே வேண்டாம். நான் எடுக்கறேன்.”

“நீயும் ஒரு வருசம் எடுப்பே. அப்பறம் கலியாணமாகிப் போயிருவே. பொறகு நான்தான எடுக்கோணும்.”

“நான் எங்கயும் போகலீங்க.”

“செரி, போகாத. அந்த டிரம்ம நவுத்து.”

மானசாவுக்குக் கோபம்தான். அழுதுவிடுகிற மாதிரி முகம் இருந்தது. ஏழு மீனில் மூன்று பெண், இப்படி ஒரு வாய்ப்பு இனி எப்போது வரும் என்று முனகிக்கொண்டே டிரம்மை நகர்த்தினாள். ஈரத்துணியில் ஒவ்வொன்றாகச் சுற்றி எடுத்தார்கள். எல்லாம் அடித்தன. மானசாவின் உதட்டில் ஒரு அடி விழுந்து லேசாக ரத்தம் வந்தது.

விழாக் கூட்டம் கீழே பூங்காப் பக்கம் இருந்ததால் மேல்கரையில் யாருமில்லை. ரங்கராஜ் துடுப்புப் போட்டான். புதுத்தண்ணீர் செம்மண்ணாக வந்துகொண்டிருந்தது. மாயாறு நுழையும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் பரிசலை ஒரு வேர்க்கட்டையில் பிடித்து நிறுத்தினான்.

“இதுக்கா நான் இத்தன நாள் வலை போட்டேன்?” என்றான்.

“ஆமா” என்றாள் ராமாமணி.

டிரம்மைச் சாய்க்கப் பரிசலில் இடமில்லை. அவள் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துத் தண்ணீருக்குள் வைத்தாள். பழுத்த மீனும் நடுவில் எங்கோ போனது. எத்தனாவதாகப் போனது என்று அவள் பார்க்கவில்லை. தண்ணீர் கலங்கலாக இருந்ததால் எது எந்தப் பக்கம் திரும்பியது என்றும் தெரியவில்லை. கடைசி மீன் போன பிறகு கைகளைத் தண்ணீரிலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு போகலாம் என்றாள்.

*

மறுநாள் காலை காங்கயத்துக்காரர் ரோகுக் குஞ்சுக்கு வந்தார். பையில் தண்ணீர் பிடித்து, ஆக்சிஜன் ஏற்றி, ரப்பர் போட்டுக் கட்டினார்கள். வண்டி போனதும் சென்னிமலை உடைந்த கண்ணாடியைச் சரிசெய்யச் சத்திக்குப் போனார். வரும்போது விழாவில் எடுத்த போட்டோ வந்த பேப்பரை வாங்கிவந்து மேசைமேல் வைத்தார். அவர் அதில் இல்லை.

பதினொரு மணிவாக்கில் தாராபுரத்திலிருந்து ஒருவர் போனில் வெண்கெண்டைக் குஞ்சு கேட்டார். கிணற்றிலோ பண்ணைக்குட்டையிலோ விடுவதானால் தருவதாகவும், ஓடைக்கு வழி இருக்கிற குளமென்றால் இல்லையென்றும் ராமாமணி சொன்னாள். அவர் மகனிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

மானசா வந்து சிமெண்டுத் தொட்டியைக் கழுவிவிட்டாள். உதடு வீங்கியிருந்தது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவள் பஸ்ஸுக்குப் போனாள்.

பிறகு கரண்டு போனது. டீசல் எஞ்சினைப் போட்டார்கள். பெல்ட் தேய்ந்திருந்தது. மெக்கானிக் வெள்ளிக்கிழமை வருவதாகச் சொன்னான்.